பூனையின் பிடரி: நீரிழிவு, இன்சுலின், குற்றம்

1

நோய்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டு பேரை வழக்கமாக வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஒருவர், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர். மற்றவர், மனிதராக இல்லாத நோயாளி. கண்டுபிடித்தது யார், எந்த ஆண்டு, முதல் ஊசி யாருக்கு, பரிசு யாருக்கு என்று வரலாறு நேர்கோட்டில் ஓடிவிடுகிறது. நீரிழிவின் வரலாறும் இப்படித்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது: 1921, டொராண்டோ, ஒரு நாய், ஒரு சிறுவன், ஓர் அதிசயம். இந்தக் கதையாடலில் நாய் வந்துபோகிறது என்றாலும் அது கருவியாகத்தான் வருகிறது. மிருகமும் நோயாளிதான் என்று வைத்துக்கொண்டு வாசித்தால் இந்த வரலாறு என்னவாகும் என்பதுதான் இங்கே என் கேள்வி.

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நீரிழிவுக்காரர்கள் இரண்டு பேர். ஒன்று நான், பதினான்கு வருஷமாக. இன்னொன்று எங்கள் கடுவன் பூனை, 2022இலிருந்து. இரண்டு பேருக்கும் காலையிலும் இரவிலும் ஊசி. ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. என்னுடைய சின்ன பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பூனைக்குக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்திருப்பது கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின். அதில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் கோடு பார்த்து இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நாலு கிலோ உடம்பு அதைத் தாங்காது.

இந்த 40க்கும் 100க்கும் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. முன்பு இன்சுலின் பலவித அடர்த்திகளில் விற்கப்பட்டது. அதனால் அளவில் குழப்பம், குழப்பத்தால் ஆபத்து. 1970களிலிருந்து பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாக 100க்கு மாறின. அங்கெல்லாம் 40 இன்று பெரும்பாலும் நாய் பூனைகளுக்கான மருந்தின் அளவு. இந்தியாவில் பாட்டில் இன்சுலின் 40ஆகவே தங்கிவிட்டது. பேனாவில் போட்டுக்கொள்கிற வகைதான் 100. ஆக, எங்கள் வீட்டில் உலக ஒழுங்கு தலைகீழாகக் கிடக்கிறது. அங்கே பூனைக்குரிய அளவு எனக்கு, அங்கே மனிதருக்குரிய அளவு பூனைக்கு. மனிதர் / மிருகம் என்ற எதிர்வு எவ்வளவு உறுதியானது என்று விவாதிக்கிறவர்கள் ஒரு தடவை இந்த ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாம்.

2

நீரிழிவு உடலின் நோயாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. தொடக்கத்திலிருந்தே அது குற்றத்தைப் பற்றிய சொல்லாடலாகவும் இருந்திருக்கிறது. சுஸ்ருத சம்ஹிதை இந்த நோயை இரண்டாகப் பிரிக்கிறது: பிறவியோடு வருவது, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது. இன்றைய முதல் வகை, இரண்டாம் வகைப் பிரிவினைக்கு இது முன்னோடி என்று நம்மவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு. பெருமைப்படலாம்தான். ஆனால் அதே நூல் சிகிச்சைப் பகுதியில் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணமும் உறவும் இல்லாத நோயாளி செருப்பில்லாமல், குடையில்லாமல், பிச்சை எடுத்துச் சாப்பிட்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். பெரும் பணக்காரன் சாமையும் காட்டுத் தானியமும் நெல்லிக்கனியும் உண்டு மான்களோடு வாழ வேண்டும். பிராமணன் சிந்திய தானியத்தைப் பொறுக்கிச் சாப்பிட வேண்டும். மற்றவன் ஓயாமல் உழ வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். சிகிச்சை என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்: உடம்பை அசை, வாயைக் கட்டு. ஆனால் யார் எப்படி அசைவது என்பதை வர்ணமும் சொத்தும் முடிவுசெய்கின்றன. மருந்துச் சீட்டிலேயே சாதி எழுதப்பட்டிருக்கிறது.

காலனியம் இந்தக் குற்றப் பத்திரிகையை வேறு மொழியில் எழுதிற்று. 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வெப்பமண்டல நாடுகளின் நீரிழிவு பற்றி ஒரு விவாதம் நடந்தது. அங்கே பேசப்பட்ட நோயாளி பெரும்பாலும் படித்த வங்காளி: உட்கார்ந்து எழுதுகிறவன், மூளையை மட்டும் அசைக்கிறவன், சோறும் இனிப்பும் தின்கிறவன். ஆளப்படுகிறவனின் உடம்பு ஆளப்படுவதற்கே தகுந்ததாக இருக்கிறது என்ற பார்வைக்கு இந்த நோய் தோதாக அமைந்துவிட்டது.

இன்சுலினுக்கு முந்தைய அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு உயிரோடு வைத்திருந்தார். 1910களின் நடுவில் அதைவிடச் சிறந்த வைத்தியம் கிடையாது என்பதும் உண்மை. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் நோயாளிகளுக்கென்றே கையேடு எழுதினார்; தன் நோய்க்குத் தானே காவலாளியாக இருக்கும் நோயாளியை உருவாக்கினார். இன்சுலின் வந்த பிறகு உணவு, உடற்பயிற்சி, இன்சுலின் என்ற மூன்று குதிரைகளைப் பூட்டிய தேராக அவர் சிகிச்சையைக் கண்டார். கடிவாளம் நோயாளியின் கையில். தேர் கவிழ்ந்தால் யார் குற்றம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பண்டைய கிரேக்க - ரோமானிய உலகின் 'தன்னைப் பேணல்' பற்றி ஃபூக்கோ எழுதிய நூல் அவர் இறந்த 1984இல் வெளிவந்தது. அதைப் படித்தபோது எனக்கு என் சுகர் நோட்டுதான் ஞாபகம் வந்தது. தினமும் தன்னைத் தானே விசாரித்து, எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்புக்குக் கொண்டுபோகிற நோட்டு. ஃபூக்கோ பேசிய கனவான்கள் தங்கள் உணவைத் தாங்களே சமைத்தார்களா என்று தெரியவில்லை. உணவுத்தாள் எழுதுகிறவர்கள் சமைக்கிறவரை நினைப்பதேயில்லை. வீட்டில் ஆணுக்குச் சுகர் என்றால் கேப்பையும் கொள்ளும் தனியாக அவருக்குச் சமைக்கப்படும். பெண்ணுக்குச் சுகர் என்றால், எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிறதில் எது ஆகுமோ அது.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான தனி மருத்துவம் சென்னையில் தொடங்குகிறது. மருத்துவர் எம். விஸ்வநாதன் 1954இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை ஏற்படுத்தினார். மேற்கிலிருந்து வந்த உணவுமுறை மாவுச்சத்தை விலக்கச் சொன்னபோது, சோறு தின்கிற ஜனங்களுக்கு அது சரிப்படாது என்று நார்ச்சத்து மிகுந்த, மாவுச்சத்தும் உள்ள உணவை அவர் முன்வைத்தார். இது சின்ன விஷயமல்ல. நோயாளியின் சாப்பாட்டையே குற்றமாகப் பார்க்காமல், அதற்குள்ளிருந்தே வழி தேடிய முயற்சி அது. ஆனால் சொல்லாடல் அவ்வளவு லேசில் மாறிவிடவில்லை. 'பணக்கார வியாதி' என்ற பேச்சு நீண்டநாள் இருந்தது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னை நகரத்தில் 8.2 சதவீதம், கிராமப்புறத்தில் 2.4 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். 2011இல் தமிழ்நாடு முழுமைக்கும் 10.4 சதவீதம் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. 2023இல் இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் என்று கணக்கு வந்தது. இப்போது இது ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் உள்ள நோய். நோய் இடம் மாறிவிட்டது, குற்றப்பத்திரிகை மட்டும் மாறவில்லை: 'என்ன சாப்ட்டீங்க? நடக்கறீங்களா? ஏன் நடக்கலை?'

3

இனி மிருகங்களுக்கு வருவோம். 1889இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஃபான் மேரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. அதுவரை எந்த உறுப்பில் இந்த நோய் உட்கார்ந்திருக்கிறது என்பது நிச்சயமில்லை. 1921 கோடையில் டொராண்டோவில் மெக்லியாட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில் ஃபிரெடரிக் பேன்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்து, கணையம் நீக்கப்பட்ட வேறு நாய்களுக்குச் செலுத்தினார்கள். அவற்றில் ஒன்றுக்கு மார்ஜரி என்று பெயர் தங்கியிருக்கிறது. மற்றவை பெரும்பாலும் எண்கள். நாய்கள் போதாமல் போனபோது அவர்கள் கசாப்புக் கூடத்திலிருந்து பிறக்காத கன்றுகளின் கணையத்தை வாங்கினார்கள். பிறகு வளர்ந்த மாடுகள். 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அது சரிவரவில்லை. ஜேம்ஸ் காலிப் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசி வேலைசெய்தது. அந்தச் சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் உயிரோடிருந்தான். 1923இல் பேன்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. காப்புரிமை தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. இன்று உலகின் இன்சுலின் சந்தையில் மிகப் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது என்பதை இந்த ஒரு டாலருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து 1980கள் வரை உலகத்தில் இன்சுலினால் பிழைத்த அத்தனை பேரும் மாட்டாலும் பன்றியாலும் பிழைத்தவர்கள்தான். டன் கணக்கில் கணையங்கள், கசாப்புக் கூடங்கள், அங்கே ரத்தத்தில் நின்று வேலைசெய்தவர்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பாட்டில். 1936இல் டென்மார்க்கில் ஹேகடோர்ன் மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து, இன்சுலின் உடம்பில் மெல்லக் கரையும்படி செய்தார். ஆக மாடு, பன்றி, மீன். இந்தியாவிலும் மாட்டு இன்சுலின் வெகுகாலம் புழங்கியது. இதை யோசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. ஏகாதசிக்கு அரிசிகூடச் சேர்க்காத எத்தனை உடம்புகளில், எத்தனை அக்ரகாரங்களில், காலை ஏழு மணிக்குச் சத்தமில்லாமல் மாடு உள்ளே போயிருக்கும்! யாரும் தீட்டுக் கழிக்கவில்லை. மருந்துக்குத் தோஷமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உயிர் என்று வரும்போது தீட்டு வழிவிட்டுவிடுகிறது. அப்படியானால் அது இயற்கை விதியல்ல. வேண்டும்போது தளர்த்தவும் வேண்டும்போது இறுக்கவும் முடிகிற ஏற்பாடு. இறுக்கியது யார்மேல் என்பது நமக்குத் தெரியும்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. மாட்டு இன்சுலினின் வரிசையைச் சாங்கர் 1955க்குள் முழுமையாகக் கண்டறிந்தார். 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் குழு அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டபோது அந்தக் குழுவில் இந்தியரான எம். விஜயனும் இருந்தார். இந்த 51இல் மனிதருக்கும் பன்றிக்கும் ஓர் இடத்தில் மட்டும் வேறுபாடு. மனிதருக்கும் மாட்டுக்கும் மூன்று இடங்களில். நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் ஒன்றே. பூனையின் இன்சுலின் மாட்டினுடையதிலிருந்து ஓர் இடத்தில்தான் விலகுகிறது. குலம், கோத்திரம், இனம் என்று பேசுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைச் சிபாரிசு செய்கிறேன். 1978இல் பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைச் செலுத்தி இன்சுலின் சுரக்க வைத்தார்கள். 1982இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு விசித்திரமான திருப்பம். மாடும் பன்றியும் மனிதருக்குக் கொடுத்துவந்தது போய், மனித இன்சுலினும் அதைச் சற்று மாற்றிச் செய்த கிளார்ஜின் போன்றவையும் பூனைக்குப் போகின்றன. அறுபது வருஷத்துக் கடனில் ஒரு துளி திரும்புகிறது.

4

பூனைக்கு வருகிற நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகையை ஒத்தது. இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் அமிலாய்ட் என்ற புரதப் படிவு சேர்வது மனிதரிடமும் பூனையிடமும் காணப்படுகிறது; எலியிடம் அது இயல்பாக நேர்வதில்லை. வயதான, கருத்தடை செய்யப்பட்ட, உடம்பு பெருத்த, வீட்டுக்குள்ளேயே இருக்கிற கடுவன்களுக்கு இது அதிகம் வருகிறது. வேட்டையாடாமல், கிடைத்ததைத் தின்றுவிட்டுத் தூங்குகிற வாழ்க்கை. 1907இல் வங்காளி பாபுவைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசம்: பூனையை யாரும் திட்டுவதில்லை.

எங்கள் பூனை நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது, நிறைய மூத்திரம் போயிற்று, நன்றாகத் தின்றும் இளைத்தது. அறிகுறிகள் என்னுடையவையே என்பதால் எனக்கு அடையாளம் தெரிந்தது. மருத்துவரிடம் கொண்டுபோனால் அங்கே ஒரு சிக்கல். பயந்த பூனைக்குச் சுகர் தானாகவே ஏறிவிடும். பூனையின் ரத்தம் பயத்தைச் சர்க்கரையாக எழுதுகிறது. அதனால் ஒருநாள் அளவை நம்பாமல், இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் சோதனை பார்க்கிறார்கள். வீட்டில் சோதிப்பதானால் காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுக்க வேண்டும். 2022 கடைசியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த மாதங்களில், கூடைக்குள் கத்துகிற பூனையோடு சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்வருவது ஒரு யாத்திரை.

பெரிய பிரச்சனை சாப்பாடு. பூனை மாமிச பட்சிணி. அதன் உடம்பு மாவுச்சத்தைச் சமாளிக்க உருவானதல்ல. எங்கள் தெருவில் பூனைகள் தலைமுறை தலைமுறையாகத் தயிர்சாதம் தின்று வளர்ந்தவை. மிச்சத்தைப் பல்லியும் எலியும் ஈடுகட்டின. நீரிழிவு வந்த பூனைக்கு மீனோ கோழியோ கொடு, சோற்றை நிறுத்து என்றார் மருத்துவர். எங்கள் வீடு, வைஷ்ணவ வீடாக இருந்துகொண்டே 'சைவ'ம் சாப்பிடுகிற வீடு. தமிழில்தான் இந்த வேடிக்கை முடியும். உறையூர் மீன் மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கத்தி வைத்து வேகவைத்தேன். அப்படி வைக்கும்போதுதான் இந்தத் 'தனி' என்ற சொல் கையில் சுட்டது. இந்த ஊரில், இந்தத் தெருக்களில், கொல்லைப்புறம் என்பதும் தனிப் பாத்திரம் என்பதும் யாருக்கெல்லாம் ஒதுக்கப்பட்டிருந்தன? பூனை நடு ரேழியில் படுத்துத் தூங்கலாம், பெருமாள் உள்வரை போகலாம். அந்தத் தெருவைக் கூட்டியவர்களால் அது முடியாமல் இருந்தது. பூனைமேல் உள்ள பிரியத்தை இந்த வரலாற்றை மறந்துவிட்டு எழுதினால் அது வெறும் செல்லம் கொஞ்சலாக முடியும்.

5

ஸ்ரீரங்கத்தில் பூனை ஒரு தத்துவப் பிரச்சனையும் கூட. வைணவத்தின் இரண்டு கலைகளையும் பிற்காலத்தில் இரண்டு மிருகங்களால் சுருக்கிச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. வடகலை குரங்கு: குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய் தாவும். தென்கலை பூனை: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். உண்மையில் வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் இவ்வளவு எளிதாகப் பிரிந்தவர்கள் அல்ல. இருவருக்கும் சரணாகதி பொது. ஆனால் சுருக்கத்துக்கு ஒரு பலம் உண்டு, அது பிழைத்துக்கொள்கிறது. பின்னாளில் இரு கலையாரும் நாமத்துக்காகக் கோர்ட் வரை போனதில் குரங்குக்கும் பூனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தச் சுருக்கத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். ஜாஸ்லினின் நோயாளி குரங்குக்குட்டி. இறுகப் பிடிக்க வேண்டும். நட, எடைபோடு, எழுது, வாயைக் கட்டு. கை தளர்ந்தால் விழுவாய், விழுந்தால் அது உன் கை. பூனைக்கு இதில் எதுவுமே முடியாது. அதற்கு இன்சுலின் என்றால் என்னவென்று தெரியாது. இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது: பூனைக்கு இன்சுலின் ஊசியை வழக்கமாகப் போடுகிற இடங்களில் ஒன்று பிடரியின் தளர்ந்த தோல். தாய் கவ்வுகிற அதே இடம். இரண்டு விரலால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதன் அடியில் ஊசி. ஆசாரியர்கள் சொன்ன உவமையை நான் தினமும் இரண்டு வேளை கையால் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முயற்சியா அருளா என்ற பழைய சண்டை அல்ல. குற்றத்தைப் பற்றி இரண்டு கலைகளும் சொல்கிற வேறொன்று. அடியவனின் குற்றத்தைப் பெருமாள் காணாமல் விடுகிறார் என்பது வடகலையார் வாத்ஸல்யத்துக்குச் சொல்லும் பொருள். தென்கலையார் ஒருபடி மேலே போகிறார்கள். அப்போது ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள அழுக்கைப் பசு நாவால் நக்குவது போல, குற்றத்தையே இனிதாக ஏற்றுக்கொள்கிறார் என்கிறார்கள். தோஷ போக்யத்வம் என்று இதற்குப் பெயர். கடவுள் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பேணுதல் பற்றி இதைவிடத் துணிச்சலான ஒரு கருத்தாக்கத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பேணுவதற்கு முன்னால் குற்றமின்மையை நிரூபிக்கச் சொல்லாத பேணுதல் அது. நம் மருத்துவமனைகளின் வரிசையில், மூன்று மாதச் சராசரி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் நோயாளிகளாக அல்ல, குற்றவாளிகளாகத்தான் நிற்கிறார்கள்.

பூனையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு எனக்கு நேர்ந்த மாற்றம் இதுதான். அதனுடைய அளவு 350 என்று காட்டும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. காரணம் தேடுகிறேன்: மருந்து கெட்டுவிட்டதா, பயந்ததா, பல்லில் சீழா? அதே 350 என்னுடையதாக இருந்த நாட்களில் நான் தேடியது காரணத்தை அல்ல, குற்றத்தை. ஒரே எண், ஒரே நோய். ஆனால் ஒன்றின்மேல் இரண்டாயிரம் வருஷத்து ஒழுக்கப் பேச்சு ஏறி உட்கார்ந்திருக்கிறது, மற்றதன்மேல் இல்லை. இப்போது என்னுடைய எண்ணையும் பூனையின் எண்ணைப் போலவே வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பூனைக்கு மணி தவறாமல் ஊசி போட வேண்டியிருப்பதால் என்னுடையதும் மணி தவறுவதில்லை என்பது உபரி லாபம்.

இதைப் பூனைதான் குரு என்று உருக்கமாக முடித்துவிடவும் எனக்கு விருப்பமில்லை. மார்ஜார நியாயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தூக்கப்படுகிற குட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், தூக்குகிற தாய்ப்பூனைக்கு வாய் வலிக்குமா, அது சாப்பிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கடவுளுக்கு வாய் வலிக்காது, சரி. ஆனால் இந்த உவமை வீட்டுக்குள் வரும்போது தூக்குகிறவள் பெரும்பாலும் பெண். அவளுக்கும் சுகர் இருக்கிறது.

6

பக்கத்தாத்து மாமி கேட்டாள்: 'ஏண்டி, மனுஷாளுக்கே மருந்து கெடைக்காம திண்டாடறா, நீ பூனைக்கு ஊசி போடறயாமே?' இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. இடதுசாரி நண்பர்கள் வேறு வார்த்தையில் இதையேதான் கேட்டார்கள். இன்சுலின் கிடைக்காமல் குழந்தைகள் சாகிற உலகத்தில் ஒரு பூனைக்காக மாதாமாதம் செலவு செய்வது நடுத்தர வர்க்கச் சொகுசு இல்லையா? கேள்வி நியாயமானது. பதிலை வரலாற்றில் தேட வேண்டும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் மட்டுமல்லாமல் எல்லைக்கு அப்பால் சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளிலும் இரண்டு வித சிகிச்சைகள் ஏற்படுத்தப்பட்டதாகச் சொல்கிறது: மனிதருக்கான சிகிச்சை, மிருகங்களுக்கான சிகிச்சை. இரண்டுக்கும் வேண்டிய மூலிகைகள் இல்லாத இடங்களில் கொண்டுவந்து நடப்பட்டன. அரசன் பெருமைக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். தமிழ் நாடுகளின் பெயர் வருகிற மிகப் பழைய சாசனங்களில் ஒன்றில், மருத்துவம் என்ற சொல் மனிதரோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றின் பங்கை மற்றது பிடுங்குவதாக அங்கே கருதப்படவில்லை.

பிறகு வந்த நிறுவனங்கள் குறுகின. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது: வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து சேகரிப்பவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அவரவர்க்குரிய நெல், காசு. பார்த்துக்கொள்கிற பெண்களின் கூலி எழுதிவைக்கப்பட்ட அபூர்வமான ஆவணம் அது. ஆனால் படுக்கைகள் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கும் அங்கே படித்தவர்களுக்கும். ஸ்ரீரங்கத்திலேயே ஹொய்சளர் காலத்தில் இருந்த ஆரோக்கியசாலை பாழாகி, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. இன்றும் தன்வந்திரி சன்னிதி இருக்கிறது, ஆரோக்கியசாலை இல்லை. தெய்வம் தங்கிவிட்டது, கட்டில் போய்விட்டது.

கட்டில் மறுபடி வந்தது அரசாங்க ஆஸ்பத்திரி என்ற வடிவத்தில். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. கொண்டுவருகிறவர்கள் பெண்கள், குறைந்த ஊதியத்தில். கால்நடை மருத்துவக் கல்வி சென்னையில் 1903இலிருந்து இருக்கிறது. 1985இல் நாமக்கல்லிலும் 2012இல் ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் வந்தன. இவை எதுவும் தாமாக வரவில்லை. மாட்டுக்கு மருத்துவம் வந்தது மாடு சொத்து என்பதால். பூனை சொத்தும் அல்ல, பாலும் தராது, வண்டியும் இழுக்காது. பயனில்லாத உயிருக்கு மருத்துவம் உண்டா என்பதே பூனை எழுப்புகிற கேள்வி. இதைக் கேட்டுப் பழகினால் அடுத்த கேள்வி தானாக வரும்: பயனில்லை என்று கணக்கெழுதப்பட்ட மனிதர்களுக்கு? வேலைக்குப் போக முடியாத கிழவிக்கு, கால் எடுக்கப்பட்ட கூலிக்காரருக்கு?

மாமிக்கு நான் சொன்ன பதில் இதுதான். மனிதருக்கு மருந்து கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் பூனைகள் அல்ல. ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட காப்புரிமையிலிருந்து மூன்று கம்பெனிகள் வரை வந்த பாதையில் பூனை எங்கேயும் குறுக்கே போகவில்லை. 'அது சரி' என்றாள் மாமி. 'ஆனா மீன் வாடை தெருக்கோடி வரைக்கும் வரதுடி!' வாடை பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நூறு வருஷமாக நம் நரம்புக்குள் வாடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது, இப்போது மூக்குக்கு வருகிறது, அவ்வளவுதான்.